தொடர்ச்சிக் குறிப்பு

தேநீர் எவ்வளவு இருந்தது என்று கேட்பார்கள்.
பாதிக்கு ஒரு விரல் கீழே என்பேன்.
ஷாலின் முடிச்சு இடது தோளில்.
அழுதபோது முதலில் நனைந்தது வலக்கண்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பேகோஸ் கரையில், நாள் வாடகைக்கு எடுத்த மர மாளிகையில்,
வாரம் இரண்டேகால் மணி நேரம் ஓடுகிற ஒரு குடும்பம்
நேற்று விட்ட இடத்திலிருந்தே
இன்றும் உடைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு.

அந்தக் குடும்பத்தை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.
மூத்தவன் தம்பிக்காகச் சிறைக்குப் போனான்.
தம்பி, அண்ணன் மனைவியைப் பார்க்கிற பார்வையை
ஏழாம் அத்தியாயத்திலேயே குறித்து வைத்தேன்:
குவளையைக் கீழே வைத்த பிறகு பார்க்கிறான்,
எடுக்கும்போது அல்ல.
தாய்க்கு எல்லாம் தெரியும்.
தெரிந்ததையெல்லாம் மோதிரத்தோடு சேர்த்துத் திருகி
விரலிலேயே வைத்துக்கொள்வாள்.
இரண்டு திருகல். மூன்றல்ல.

நவம்பரில் ஒரு திங்கள்
அண்ணன் கூப்பிட்டான். என் அண்ணன், ஜெவ்தெத்.
அப்பா கடையை விற்ற பணத்தில் என் பங்கைக் கேட்ட நாளிலிருந்து
ஆறு மாதம் பேசாமல் இருந்தவன்
முசோ என்றான்,
பல் விழுந்த வயதில் கூப்பிட்டது போல.

சனி இரவு ஒன்றரைக்கு, செங்கெல்கோய் வளைவில்,
ஒரு கூரியர் பையன். மோட்டார் சைக்கிள்.
உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்புதான் என்றான்.
இடுப்புதான்.
நான் உன் வீட்டில் இருந்தேன், பருப்பு சூப் குடித்தோம்,
இவ்வளவு சொன்னால் போதும்.
அந்த இரவு நான் எங்கே இருந்தேன் என்று அவன் கேட்கவில்லை.
எப்போதுமே கேட்டதில்லை.

பருப்பு சூப் எனக்குப் பிடித்திருந்தது.
எங்கள் கதாசிரியர்களுக்கே தோன்றாது,
பொய்க்குள் ஏதாவது ஒன்று சூடாக இருக்க வேண்டும் என்று.

பிறகு பந்திர்மாவிலிருந்து அம்மா.
ஒரே வயிற்றில் கிடந்தவர்கள் நீங்கள் என்றாள்,
வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.
ஆடியது. மறுக்கவில்லை.
பென்சில் பிடிக்கிற கை மட்டும் ஆடக் கூடாத வேலை என்னுடையது.

புதன்கிழமை நீதிமன்றக் காட்சி.
கதைப்படி தங்கை கூண்டேறி
சிறையிலிருக்கும் அண்ணனுக்காகப் பொய் சொல்கிறாள்.
ஷுலே இரண்டே டேக்கில் முடித்தாள்.
விளக்குப் பிடிக்கிற பையன்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.
இயக்குநர் தேர்ந்தது முதலாவதை.
நான் எழுதினேன்:
இடக்கை கூண்டின் விளிம்பில், நான்கு விரல்,
கட்டைவிரல் உள்ளே மடங்கி.
அந்தக் கட்டைவிரலை வேறு யாரும் பார்க்கவில்லை.

புதனன்று எடுத்தது வெள்ளியன்று ஓடும்,
அவ்வளவு அவசரம் எங்கள் பிழைப்பு.
முதல் விளம்பர இடைவெளியில் அவன் செய்தி:
பார்த்தாயா? அழுதுவிட்டேன்.
தங்கை என்றால் இவள்.

டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
பழைய தாள்களைப் புரட்டினேன்.
சனிக்கிழமை. நாற்பத்தேழாம் காட்சி, ஆறாவது டேக்.
இரவு ஒன்று நாற்பது.
குவளை காலி. முடிச்சு இடது தோளில்.
ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்க் கப்பல் ஒன்று,
அது கடந்து போகும்வரை காத்திருந்தோம்.
கீழே என் கையெழுத்து.

ஒரே ஒரு தாள். கிழித்துவிடலாம்.
கிழித்தால், நாளை மீதியை எடுக்கும்போது
ஷால் எந்தத் தோளில் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.
இப்படித்தான் யோசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.
முதலில் நினைவுக்கு வந்தது
அந்தப் பையனின் இடுப்பு அல்ல,
ஷால்.

1:40 என்று மட்டும் பதில் அனுப்பினேன்.
அவன் எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.

விளம்பரம் முடிந்திருந்தது.
சத்தமில்லாத திரையில்
தங்கை இன்னும் கூண்டில் நின்றாள், கை விளிம்பில்.
ஐந்து விரல்.
இரண்டாவது டேக்கை ஒட்டியிருக்கிறார்கள்.
யாரும் கவனிக்கப் போவதில்லை.